உடல்தகுதியும் தளபதிக்குக் கிடைக்கும் மதிப்பும்: ஓர் எளிய விளக்கம்

வயிறு தள்ளிய ராணுவ அதிகாரி ஒருவரின் படம் வாட்ஸ்அப்பில் வந்தால் போதும். "இவரால ஒரு கிலோமீட்டர் ஓட முடியுங்களா? இவர் சொன்னா ஜவான் எப்படிக் கேப்பான்?" என்று ஒருவர் எழுதுவார். "போர் நடத்துறது மூளைங்க, வயிறு இல்ல" என்று இன்னொருவர் பதில் போடுவார். இரண்டு பேரும் உறுதியாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் இரண்டு பேரும் பாதி விஷயத்தை மட்டும்தான் பேசுகிறார்கள்.

2025 செப்டம்பர் 30 அன்று இந்தப் பேச்சு உலகச் செய்தியாகவே ஆனது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைவர் பீட் ஹெக்செத், தன் நாட்டின் மூத்த தளபதிகளை விர்ஜீனியாவில் உள்ள குவான்டிகோ தளத்துக்கு வரவழைத்து, பருமனான ஜெனரல்களையும் அட்மிரல்களையும் இனி ஏற்க முடியாது என்றார். எந்தப் பதவியில் இருந்தாலும் ஆண்டுக்கு இரண்டு முறை உடல்தகுதிச் சோதனை நடக்கும், உயரத்துக்கு ஏற்ற எடையும் பார்க்கப்படும் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு நம் பக்கத்திலும் இதே கேள்வி சூடு பிடித்தது.

கொங்கு நாட்டுக்கு இது தூரத்துக் கதை இல்லை. சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. கோவை ரெட்ஃபீல்ட்ஸில் விமானப்படை நிர்வாகக் கல்லூரி. கடற்படை தன் மாலுமிகளுக்குத் தலைமைப் பயிற்சி கொடுக்கும் ஐஎன்எஸ் அக்ரணியும் கோவையில்தான் உள்ளது. பிரதேச ராணுவத்தின் 110-வது பட்டாலியனும் இங்கேதான். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம், முப்படை அதிகாரிகளும் படிக்கும் கல்லூரி. ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் எந்த ஊர் மைதானத்துக்கு விடியற்காலையில் போனாலும், ஆர்மி ஆள்சேர்ப்பு ராலிக்காக ரன்னிங் போகும் பையன்கள் இருப்பார்கள். அந்தப் பையன்களுக்கும் அவர்களை அனுப்பிவைக்கும் வீட்டாருக்கும் புரியும்படி, உடல்தகுதி என்றால் என்ன, அதற்கும் ஒரு தலைவனுக்குக் கிடைக்கும் மதிப்புக்கும் உண்மையில் என்ன தொடர்பு என்பதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

பழனிக்கு நடக்கும் ஒரு கூட்டம்

பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழனிக்கு நடந்து போகும் ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். நாற்பது பேர், அதில் பாதிப் பேர் முதல்முறை நடப்பவர்கள். கூட்டத்துக்கு ஒரு தலைவர் வேண்டும்.

முதல் தலைவருக்கு வயது இருபத்தெட்டு. எல்லோரையும்விட வேகமாக நடப்பார். தங்குமிடத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய்ப் படுத்துத் தூங்கிவிடுவார். இரண்டாமவருக்கு அறுபது. நடை மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் கடைசியில் வருபவர் கூடவே நடப்பார், யார் காலில் கொப்புளம் என்று அவருக்குத் தெரியும். மூன்றாமவர் காரில் வந்து, ஒவ்வொரு ஊரிலும் கண்ணாடியை இறக்கி "சீக்கிரம் நடங்கப்பா" என்பார். நான்காமவர் பல வருசம் நடந்தவர், இந்த வருசம் முட்டி வீங்கி நடக்க முடியவில்லை. வேனில் முன்னால் போய், கூட்டம் வந்து சேர்வதற்குள் சாப்பாடு, வெந்நீர், மருந்து எல்லாம் தயார் செய்துவைத்திருப்பார்.

நள்ளிரவில் மழை பிடித்துக்கொண்டது, தொடர்ந்து நடப்பதா, நிற்பதா என்று முடிவு செய்ய வேண்டும். யார் சொன்னால் கூட்டம் கேட்கும்? இரண்டாமவரும் நான்காமவரும் சொன்னால் கேட்கும். முதலாமவரின் வேகத்தைப் பாராட்டுவார்களே தவிர, அவரிடம் போய் யோசனை கேட்க மாட்டார்கள். மூன்றாமவர் சொல்வதைக் கேட்பதுபோல் தலையாட்டிவிட்டுத் தங்கள் விருப்பப்படி செய்வார்கள்.

இதே கூட்டத்தில் ஐந்தாவதாக ஒருவர் தலைவராக வருகிறார் என்று வையுங்கள். நல்ல மனசு, எல்லோர் மேலும் அக்கறை. ஆனால் பத்து கிலோமீட்டரிலேயே மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க நான்கு பேர் வேண்டும், கூட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது. நல்ல மனசு மட்டும் அங்கே உதவாது.

ஆக, குறைந்தபட்சம் இவ்வளவு முடிய வேண்டும் என்று ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் தலைவரே கூட்டத்துக்குப் பாரம். கோட்டைத் தாண்டிய பிறகு இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று போவதால் மதிப்பு அதே அளவில் கூடுவதில்லை. அப்புறம் மதிப்பைத் தீர்மானிப்பது வேறொன்று: கஷ்டத்தில் தனக்கு உரிய பங்கை அவர் எடுத்துக்கொள்கிறாரா, ஒதுங்கிக்கொள்கிறாரா என்பது. ராணுவத்திலும் இந்த இரண்டும்தான் வேலை செய்கின்றன.

ஒரே பெயரில் மூன்று சோதனைகள்

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. "பிசிக்கல்" என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு விஷயங்களைச் சேர்த்துப் பேசுகிறோம்.

முதலாவது, சேர்க்கைச் சோதனை. நம் பையன்கள் பயிற்சி எடுப்பது இதற்குத்தான். அக்னிவீர் பொதுப்பணிப் பிரிவில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் 60 மதிப்பெண். பீமில் 10 புல்-அப்ஸ் எடுத்தால் 40. 9 அடிப் பள்ளம் தாண்டுவதற்கும், வளைந்து போகும் குறுகிய கட்டை மேல் விழாமல் நடக்கும் ஜிக்-ஜாக் பேலன்ஸுக்கும் மதிப்பெண் கிடையாது, தேறினால் போதும். இதைவிடத் தாமதமாக ஓடி முடிப்பவர்களுக்கான நேர வரம்புகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள், அதனால் அந்தந்த வருச அறிவிக்கையைப் பார்த்துக்கொள்வது நல்லது. இந்தச் சோதனையின் நோக்கம் ஆயிரக்கணக்கானவர்களில் பயிற்சியைத் தாங்கக்கூடியவர்களைப் பிரித்தெடுப்பது. அவன் நல்ல சிப்பாயா என்று இது சொல்லாது, நல்ல தலைவனா என்று சொல்லவே சொல்லாது.

இரண்டாவது, காலமுறைச் சோதனை. படையில் சேர்ந்த பிறகு, பணியில் இருக்கும்வரை குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப நடப்பது. இந்திய ராணுவத்தில் நெடுங்காலமாக இதில் முக்கியமாக இருந்துவந்தது பிபிஇடி எனப்படும் போர்க்கள உடல்திறன் சோதனை. துப்பாக்கியும் சாமான்களும் சுமந்துகொண்டு 5 கிலோமீட்டர் ஓட்டம், 60 மீட்டர் விரைவோட்டம், கயிறு ஏறுவது, குறுக்கே கட்டிய கயிற்றில் தொங்கியபடி நகர்வது, 9 அடிப் பள்ளம். ஜவானுக்கும் உண்டு, அதிகாரிக்கும் உண்டு. வயது கூடக்கூட அனுமதிக்கும் நேரமும் கூடும். எக்ஸ் சர்வீஸ்மேன் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் "பிபிஇடி" என்று சொல்லிப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார்.

மூன்றாவது, மருத்துவ வகை. இதற்கு ஷேப் என்று பெயர். மனநலம், செவி, கைகால், உடலின் பொதுநிலை, கண் ஆகிய ஐந்தையும் தனித்தனியாகப் பார்த்து எண் கொடுப்பார்கள். எல்லாமே சரியாக இருந்தால் ஷேப் ஒன். காயம்பட்டாலோ, நோய் வந்தாலோ, எடை வரம்பு மீறினாலோ வகை இறங்கலாம். இறங்கினால் எந்த இடத்தில் பணி, அடுத்த பதவி உயர்வு எல்லாவற்றையும் அது பாதிக்கும்.

படத்தில் தெரியும் வயிறு இந்த மூன்றில் எதற்கும் முழுப் பதில் ஆகாது. தோற்றத்தில் சற்றுப் பருமனாக இருப்பவர் 5 கிலோமீட்டரை நேரத்துக்குள் முடிக்கலாம். ஒல்லியாக இருப்பவருக்கு இரத்த அழுத்தம் இருக்கலாம். உயரத்தையும் எடையையும் மட்டும் வைத்துப் போடும் கணக்கு, தசை அதிகம் உள்ள மல்யுத்த வீரனையும் பருமன் என்று காட்டிவிடும். அதற்காக எடை அளவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது பல அளவுகோல்களில் ஒன்று, அவ்வளவுதான்.

வயதுக்கும் பெண்களுக்கும் ஏன் வேறு நேரம்?

"ஐம்பது வயசு கர்னலுக்கும் இருபது வயசுப் பையனுக்கும் ஒரே நேரம் வைக்க வேண்டியதுதானே" என்று கேட்பவர்கள் உண்டு. பெண் அதிகாரிகளுக்குத் தனி நேரம் இருப்பதையும் சலுகை என்று நினைக்கிறார்கள். இங்கே இரண்டு வகை அளவுகோல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, ஒப்பீட்டு அளவு. உங்கள் வயதில், உங்கள் உடலமைப்பில் இருக்கும் ஒருவர் உடலை ஒழுங்காகப் பேணினால் எவ்வளவு முடியும் என்று பார்த்து அதற்கேற்ப வைப்பது. இது அளப்பது ஒருவரின் ஒழுங்கையும் உடல்நலத்தையும். முப்பது வயதுக்கு மேல் இதயமும் நுரையீரலும் மெல்லத் தளர்வது இயற்கை. அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஐம்பது வயதுக்காரர் தினமும் ஓடினாலும் தோற்பார், இருபது வயதுக்காரன் சோம்பேறியாக இருந்தாலும் தேறிவிடுவான். அப்படி ஒரு சோதனையால் யாருக்கும் பயனில்லை.

மற்றொன்று, பணி அளவு. வேலை கேட்பதை வேலையே தீர்மானிக்கும். காயம்பட்ட ஒருவரை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் போக வேண்டும் என்றால், இழுப்பவரின் வயதையோ, ஆணா பெண்ணா என்பதையோ காயம்பட்டவரின் எடை கேட்காது. இந்த அளவு எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

அமெரிக்கத் தரைப்படை 2025 ஜூன் முதல் நடத்தும் புதிய சோதனையில் இந்த இரண்டும் அருகருகே இருப்பதைப் பார்க்கலாம். ஐந்து பயிற்சிகள், ஒவ்வொன்றுக்கும் 100. பொதுவான பணிகளில் இருப்பவர்கள் மொத்தம் 300 எடுக்க வேண்டும், மதிப்பெண் அட்டவணை வயதுக்கும் பாலினத்துக்கும் தனித்தனி. நேரடிப் போர்ப் பணிகளுக்கு 350 வேண்டும், அங்கே ஆண் பெண் வேறுபாடு கிடையாது, வயது வேறுபாடு மட்டும் உண்டு. 2015-இல் கடுமையான போர்த் தலைமைப் பயிற்சி தரும் அந்நாட்டின் ரேஞ்சர் பள்ளியில் முதல்முறையாக இரண்டு பெண் அதிகாரிகள் தேறியதும் ஆண்களுக்கு இருந்த அதே அளவில்தான். நம் நாட்டில் 2020 பிப்ரவரி 17-இல் உச்ச நீதிமன்றம் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணியும் தலைமைப் பொறுப்புகளும் மறுக்கப்படக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. உடலமைப்பைக் காரணம் காட்டி ஒரேயடியாக எல்லோரையும் ஒதுக்குவதை அந்தத் தீர்ப்பு ஏற்கவில்லை. எனக்கு அது சரியென்றே படுகிறது. எந்தப் பணிக்கு எந்த அளவு என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அதை எட்டுபவர் யாராக இருந்தாலும் ஏற்பதுதான் முறை.

சுருக்கமாக: ஒப்பீட்டு அளவு ஆளின் ஒழுங்கைக் காட்டும், பணி அளவு வேலை நடக்குமா என்று காட்டும். இரண்டையும் கலந்து பேசும்போதுதான் "சலுகை", "அநியாயம்" என்ற சண்டை வருகிறது.

மூச்சு மிச்சம் இருந்தால் யோசனையும் மிச்சம் இருக்கும்

சரி, அதிகாரிக்கு உடல்தகுதி எதற்கு? சுடுவதும் ஓடுவதும் ஜவான்தானே?

இதைப் புரிந்துகொள்ள ஒரு கலைச்சொல் தேவைப்படுகிறது: ஆக்சிஜன் உச்ச அளவு. ஒருவர் தன்னால் முடிந்த முழு வேகத்தில் உழைக்கும்போது அவர் உடல் ஒரு நிமிடத்தில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன்தான் அது. தொடர்ந்து ஓடினால், மலை ஏறினால் இது கூடும். உட்கார்ந்தே இருந்தால் குறையும்.

இரண்டு இளம் லெப்டினன்ட்கள் தங்கள் பிளட்டூனோடு, அதாவது முப்பது பேர் சுமாரான ஒரு பிரிவோடு, இரவில் மலை ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவர் முதுகிலும் ஒரே சுமை, ஒரே சரிவு. முதலாமவரின் உச்ச அளவு அதிகம், அதனால் இந்த ஏற்றம் அவருடைய திறனில் அறுபது சதவீதத்தைக் கேட்கிறது. இரண்டாமவருக்கு அதே ஏற்றம் தொண்ணூறு சதவீதம். முதலாமவர் வியர்வையோடுதான் ஏறுகிறார், ஆனால் ரேடியோவில் வருவதைக் கேட்கிறார், எந்தப் பாறைக்குப் பின்னால் யாரை நிறுத்தலாம் என்று பார்க்கிறார், பின்னால் ஒருவன் தடுமாறுவதைக் கவனிக்கிறார். இரண்டாமவருக்கு அடுத்த அடி மட்டும்தான் கண்ணில் படும். உடல் தன் எல்லையை நெருங்கும்போது கவனம் குறுகுவது எல்லோருக்கும் நடப்பது. புத்திசாலி என்றால் அவருக்கு மட்டும் விலக்கு கிடையாது.

"மூளைதான் போர் நடத்துகிறது" என்பவர்கள் விட்டுவிடும் இடம் இது. மூளையும் அதே இரத்தத்தில், அதே மூச்சில்தான் ஓடுகிறது. கார்கிலில் 1999-இல் நம் படை ஏறிய டைகர் ஹில் போன்ற சிகரங்கள் 16,000 அடிக்கு மேல். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியை நெருங்கிவிடும். எல்லோருடைய உச்ச அளவும் அங்கே சரியும். கோவையில் திறன் நிறைய இருப்பவருக்கு அங்கே கொஞ்சம் மிஞ்சும், இங்கேயே எல்லையில் இருப்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்தப் போரில் இளம் அதிகாரிகள் தங்கள் ஆட்களுக்கு முன்னால் ஏறினார்கள், முன்னால் ஏறியதாலேயே பலர் உயிரிழந்தார்கள்.

பதவி உயர உயர இந்தத் தேவை உருமாறும். கர்னல் ஒரு பட்டாலியனை, சுமார் எண்ணூறு பேரை நடத்துகிறார். அதற்கு மேல் போனால் ஆயிரக்கணக்கானவர்கள். ஜெனரல் கயிறு ஏறிப் பதுங்குகுழியைப் பிடிக்கப் போவதில்லை. ஆனால் மூன்று நாள் சரியான தூக்கம் இல்லாமல் முடிவெடுக்க வேண்டும், ஹெலிகாப்டரில் உயரமான காவல்சாவடிக்குப் போய் அன்றே திரும்ப வேண்டும். அங்கே வேண்டியது புல்-அப்ஸ் எண்ணிக்கையைவிட, நம்பகமான இதயமும் எளிதில் களைத்துப்போகாத உடலும்.

இதற்கு ஒரு உண்மைச் சம்பவம். இரண்டாம் உலகப் போரில் 1944 ஜூன் 6, பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரை. முதல் அலையில் படகிலிருந்து இறங்கிய அமெரிக்கப் படையோடு தியோடர் ரூஸ்வெல்ட் ஜூனியர் என்ற பிரிகேடியர் ஜெனரலும் இறங்கினார். வயது 56. மூட்டுவாதம், இதயத்தில் கோளாறு, கையில் ஊன்றுகோல். படகுகள் திட்டமிட்ட இடத்தைவிட்டு வேறு இடத்தில் கரை சேர்ந்துவிட்டன. குண்டு விழுந்துகொண்டிருந்த மணலில் ஊன்றுகோலோடு நடந்து, இடத்தைப் பார்த்து, இங்கிருந்தே போரைத் தொடங்கலாம் என்று முடிவு செய்தார். அவர் நடப்பதைப் பார்த்த சிப்பாய்களுக்குக் கிடைத்த தைரியத்தை எந்தச் சோதனை மதிப்பெண்ணாலும் கொடுத்திருக்க முடியாது. அடுத்த மாதம் 12-ஆம் தேதி, மாரடைப்பில் இறந்தார். பல ஆயிரம் பேர் கொண்ட ஒரு முழு டிவிஷனை அவரிடம் ஒப்படைக்க மேலிடம் முடிவு செய்திருந்த நேரம் அது. உடல் தளர்ந்தவரும் உச்ச மரியாதையைப் பெறலாம் என்பதற்கும், உடல் தன் கணக்கைத் தீர்க்காமல் விடாது என்பதற்கும் அவர் ஒருவரே சாட்சி.

சல்யூட் ஒன்று, நம்பிக்கை வேறு

"தொப்பைக்காரருக்கு எதுக்கு சல்யூட்?" என்ற கேள்விக்கு நேரான பதில்: சல்யூட் அந்த ஆளுக்கு இல்லை. குடியரசுத் தலைவர் அவருக்குக் கொடுத்த அதிகார நியமனத்துக்கு. அதிகாரி ஒல்லியோ பருமனோ, பிடித்தவரோ பிடிக்காதவரோ, சல்யூட் அடித்தே ஆக வேண்டும். இதைப் பதவி அதிகாரம் என்று வைத்துக்கொள்வோம். ராணுவம் இயங்க இது கட்டாயம். ஒவ்வொரு கட்டளைக்கும் முன் "இவர் தகுதியானவரா?" என்று நாற்பது பேர் யோசித்துக்கொண்டிருந்தால் ஒரு வேலையும் நடக்காது.

ஆனால் பதவி அதிகாரம் வாங்கித் தருவது கீழ்ப்படிதலை மட்டும். சொன்னதைச் செய்வார்கள், சொன்ன அளவுக்கு மட்டும் செய்வார்கள். ரேடியோ அறுந்துபோய், கட்டளை வராத நேரத்தில் அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துத் தாமாகச் செய்ய வைப்பது வேறொன்று. அதை ஆளுக்கான மதிப்பு என்போம். இதை எந்த அரசாணையாலும் கொடுக்க முடியாது.

உடல்தகுதி இந்த இரண்டாவது மதிப்புக்குள் எப்படி நுழைகிறது? தசையைப் பார்த்து யாரும் மயங்குவதால் இல்லை. தகுதிச் சோதனை என்பது போலி செய்ய முடியாத அடையாளம். நல்ல பேச்சை எழுதி வாங்கிப் படிக்கலாம், ஆட்கள் மேல் அக்கறை இருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். 5 கிலோமீட்டரை வேறு யாரும் உங்களுக்காக ஓட முடியாது. நாற்பத்தைந்து வயது கமாண்டிங் ஆபீசர் காலை ஐந்தரைக்கு ஜவான்களோடு ஓட வரும்போது அவர்கள் பார்ப்பது அவர் எத்தனையாவதாக வந்தார் என்பதை அல்ல. எங்களைச் செய்யச் சொன்னதை அவரும் செய்கிறார் என்பதைத்தான். 1932-இல் டேராடூன் ராணுவ அகாடமியைத் தொடங்கிவைத்த அன்றைய படைத் தலைமைத் தளபதி சேட்வுட், நாட்டின் பாதுகாப்பும் மானமும் முதலில், நீங்கள் நடத்தும் ஆட்களின் நலம் அடுத்து, உங்கள் சொந்த வசதி எப்போதும் கடைசியில் என்று சொன்னார். அங்கே பயிற்சி பெறும் ஒவ்வொருவருக்கும் அது இன்றும் மனப்பாடம். விடியற்காலை ஓட்டத்தில் அதிகாரி நிற்பதும் நிற்காததும் அந்த வரிசையை அவர் எப்படி வைத்திருக்கிறார் என்று ஜவானுக்குக் காட்டிவிடும்.

அதனால்தான் மெதுவாக ஓடும் அதிகாரியை மன்னிக்கும் ஜவான், ஓடாமல் ஒளிந்துகொள்ளும் அதிகாரியை மன்னிப்பதில்லை. சோதனை நாளில் மட்டும் மருத்துவச் சீட்டோடு வருபவர், தனக்கு ஒரு நேரம், ஜவானுக்கு ஒரு நேரம் வைக்கச் சொல்பவர், ஸ்டாப்வாட்ச் பிடிப்பவரைக் கண்ணால் மிரட்டுபவர் என்று இப்படி ஒருவர் இருந்தால் முழு யூனிட்டுக்கும் ஒரே நாளில் தெரிந்துவிடும். விதி பொதுவானதில்லை என்ற செய்தி அது. அதற்குப் பிறகு அவர் எந்த விதியைச் சொன்னாலும் எடுபடாது.

பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரி இரண்டாம் உலகப் போரின் தொடக்க ஆண்டுகளில் தன் தலைமையகத்தில் இருந்த அதிகாரிகள் எல்லோரும் வாரம் ஒருமுறை ஏழு மைல் ஓட வேண்டும் என்று வைத்தார். பருமனான கர்னல் ஒருவர், ஓடினால் செத்துப்போவேன் என்று டாக்டரைச் சிபாரிசுக்குப் பிடித்தார். சாவதாக இருந்தால் போருக்கு முன் இப்போதே சாவது நல்லது, மாற்று ஆள் போடச் சுலபம் என்று மாண்ட்கோமரி சொல்லிவிட்டார். கர்னல் ஓடினார், சாகவில்லை. இதை மாண்ட்கோமரியே பதிவு செய்திருக்கிறார். அந்தப் பதிலின் கடுமை எனக்கு உவப்பாக இல்லை, மருத்துவ ஆலோசனையை அப்படித் தள்ளுவது இன்று தவறாகவே கருதப்படும். ஆனால் மேசை வேலை செய்பவனுக்கும் விலக்கில்லை என்ற செய்தி கீழே இருந்த ஒவ்வொரு சிப்பாயையும் எட்டியது.

கண் செய்யும் ஏமாற்று

இதுவரை சொன்னதை வைத்து, "கட்டுமஸ்தாக இருப்பவர்தான் நல்ல தலைவர்" என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது இன்னொரு பெரிய தவறு, அதற்கு அறிவியலில் ஒரு பெயரே இருக்கிறது: ஒளிவட்ட விளைவு. ஒருவரிடம் ஒரு நல்ல குணத்தைப் பார்த்துவிட்டால், பார்க்காத மற்ற குணங்களும் நல்லதாகவே இருக்கும் என்று மனம் தானாக எழுதிக்கொள்வது.

இது முதன்முதலில் வெளிச்சத்துக்கு வந்ததே ராணுவத்தில்தான். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920-இல், ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடலமைப்பு, அறிவு, தலைமை, நடத்தை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போடச் சொல்லியிருந்தார்கள். பார்த்தால், உடலமைப்பில் அதிகம் வாங்கியவர்களுக்கு அறிவிலும் தலைமையிலும் நடத்தையிலும் சேர்த்தே அதிகம் விழுந்திருந்தது. உண்மையில் இவை அவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்க வாய்ப்பில்லை. நிமிர்ந்த தோளைப் பார்த்து மற்றதையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள்.

வரலாறு இதற்கு நேரெதிர் சாட்சிகளை நிறைய வைத்திருக்கிறது. 1812-இல் நெப்போலியன் ரஷ்யாவுக்குள் நுழைந்த பிறகு ரஷ்யப் படையின் தலைமையை ஏற்ற குடுசோவ் அறுபதைத் தாண்டியவர், பெருத்த உடல், ஒரு கண் பார்வை போனவர், குதிரை ஏறவே சிரமப்பட்டவர். பொறுமையாகப் பின்வாங்கிப் பின்வாங்கியே நெப்போலியனின் படையைக் கரைத்தார். 1991 வளைகுடாப் போரை நடத்திய அமெரிக்கத் தளபதி ஷ்வார்ஸ்காப்பும் கனத்த உடல்வாகுக்காரர்தான். நம் சாம் மானெக்சா 1942-இல் பர்மாவில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் வயிற்றில் பாய்ந்து பிழைத்தவர். 1971 போரில் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்தபோது வயது 57. கடைசிக் காலத்தைக் குன்னூரில் கழித்து, 2008-இல் வெலிங்டன் மருத்துவமனையில் காலமானார். அவருடைய பெயரைச் சொல்லும்போது எந்தப் பழைய சிப்பாயும் அவர் எவ்வளவு வேகமாக ஓடினார் என்று பேசி நான் கேட்டதில்லை. தங்களிடம் அவர் எப்படிப் பேசினார் என்பதையும், அரசியல் தலைமை அவசரப்பட்டபோது தயாராகாத படையை அனுப்ப மாட்டேன் என்று நின்றதையும்தான் சொல்வார்கள்.

இதுவரை பார்த்ததை ஒருமுறை சேர்த்துக்கொள்வோம். உடல்தகுதி தேவையான கோடு, அதற்குக் கீழே போனால் யோசிக்கும் சக்தியே போய்விடும். கோட்டுக்கு மேலே, எல்லோருக்கும் ஒரே விதி என்பதுதான் மதிப்பைக் கொண்டுவரும். தோற்றம் மட்டும் எதையும் நிரூபிக்காது.

ஒரு காலோடு பட்டாலியனை நடத்தியவர்

கோடு கண்டிப்பாக இருக்க வேண்டும், அதே சமயம் அதை யாருக்கு எப்படிப் பொருத்துவது என்பதில் நியாயம் வேண்டும் என்பதற்கு இயன் கார்டோசோவைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1971 போரில் கூர்க்கா ரைபிள்ஸ் படையில் மேஜராக இருந்தவர். கண்ணிவெடியில் கால் சிதைந்தது. அறுவைக்கு வசதி இல்லாத நேரத்தில், தன் குக்ரிக் கத்தியால் அந்தக் காலைத் தானே வெட்டி எடுத்தார்.

மருத்துவ வகைப்படி பார்த்தால் அவருடைய களவாழ்க்கை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். அலுவலக வேலை கிடைத்திருக்கும், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கேட்டது வேறு: சோதனையைத் தளர்த்தாதீர்கள், அதே சோதனையில் ஓட என்னை விடுங்கள். செயற்கைக் காலோடு ஓடி, இரண்டு காலும் உள்ள சில அதிகாரிகளை முந்தியதாக அவரே சொல்லியிருக்கிறார். அப்புறமும் எளிதில் விடவில்லை, மலைப்பகுதியில் நடந்து காட்ட வேண்டியிருந்தது. கடைசியில் இந்திய ராணுவத்தில் காலிழந்த நிலையில் ஒரு காலாட்படைப் பட்டாலியனையும், பிறகு ஒரு பிரிகேடையும் நடத்திய முதல் அதிகாரி ஆனார். மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றார்.

இதில் கவனிக்க வேண்டியது, ராணுவம் இரண்டு விஷயத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. பணி அளவைக் குறைக்கவில்லை. காகிதத்தில் இருக்கும் மருத்துவ எண்ணை மட்டும் பார்த்து ஆளைத் தள்ளிவிடவும் இல்லை. அவருக்குக் கீழே இருந்த கூர்க்கா வீரன் ஒருவனுக்கு அவர் மேல் என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் வேகத்தைப் பார்த்து வந்த மதிப்பாக அது இருந்திருக்க முடியாது.

அதிகாரித் தேர்வில் என்ன பார்க்கிறார்கள்?

கடைசியாக, ஜவானாக அல்லாமல் என்டிஏ, சிடிஎஸ் எழுதி அதிகாரியாகப் போக நினைக்கும் நம் பகுதிப் பிள்ளைகளுக்கு. எழுத்துத் தேர்வு முடிந்து எஸ்எஸ்பி நேர்முகத் தேர்வுக்கு, பெரும்பாலும் பெங்களூருக்கோ வேறு ஊருக்கோ, ஐந்து நாள் போவீர்கள். அங்கே 1.6 கிலோமீட்டர் ஓட்டப் போட்டி கிடையாது. தேர்வாளர்கள் தேடும் அதிகாரிப் பண்புகள் 15. பகுத்தறியும் திறன், பொறுப்புணர்வு, ஒத்துழைப்பு, விரைந்து முடிவெடுப்பது, துணிவு என்று போகும் அந்தப் பட்டியலில் உடல் சார்ந்தது தாங்குதிறன் ஒன்றுதான்.

அந்த ஒன்றையும் சும்மா விடுவதில்லை. தனிநபர் தடைகள் என்று பத்துத் தடைகளை மூன்று நிமிடத்தில் தாண்ட வேண்டும். உடலைப் பேணாமல் போனால் மூன்றாவது தடையிலேயே மூச்சு வாங்கும், அடுத்து எதைத் தாண்டினால் அதிக மதிப்பெண் என்று யோசிக்க முடியாது. உடல் எல்லையைத் தொட்டால் கவனம் குறுகும் என்று மேலே சொன்னது அங்கே உங்களுக்கே நடக்கும். அதனால் தினமும் ஓடுங்கள், புல்-அப்ஸ் எடுங்கள், சென்னிமலைப் படிக்கட்டு பக்கத்தில் இருந்தால் ஏறி இறங்குங்கள்.

அதே மைதானத்தில் கமாண்ட் டாஸ்க் என்று இன்னொன்று வரும். பலகை, கயிறு, மரக்கட்டை கொடுத்து, ஒரு சுமையைத் தடைகளுக்கு அப்பால் கொண்டுபோகச் சொல்வார்கள். இந்த முறை நீங்கள்தான் கமாண்டர், உங்கள் குழுவிலிருந்து உதவிக்கு ஆட்களை நீங்களே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஒவ்வொருவரின் முறை வரும்போதும் இது நடக்கும். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள், திரும்பத் திரும்ப யார் பெயர் வருகிறது என்பதைத் தேர்வாளரும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அதுவரை இரண்டு நாள் கூடவே தங்கி, சேர்ந்து கட்டை தூக்கியவர்கள் கூப்பிடும் பெயர் அது.